மின்சாரச் சிரிப்பு

என் தமக்கையின் குமாரன் சேலத்தில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தானானால் மாலை ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பான். அவனுடைய சம்பளம் வருஷத்துக்கு ஒரு முறை உயர்கிறது. வயிறோ மாதத்துக்கு ஒரு முறை உயர்ந்து வருகிறது. சென்ற மாசி மாதத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அப்பனே! கொஞ்சம் தேகாப்பியாசம் செய்யலாகாதா?" என்று கேட்டேன்.

"இதோ, செய்துகொண்டுதான் இருக்கிறேன், மாமா!" என்று பதில் வந்தது.

சோபாவில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய உடம்பில் கட்டைவிரலைத் தவிர வேறெந்த அவயவமும் அசைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவன் புன்னகையுடன் சட்டையை உயர்த்திக் காட்டினான். வயிற்றைச் சுற்றிக் கரிய பட்டை ஒன்று கட்டியிருந்தது. அதன் கீழே தசைகள் வெடுக்கு வெடுக்கென்று சுருங்குவதும் விரிவதுமாக இருந்தன.

"மின்சாரப் பட்டை, மாமா! இருபது நிமிஷம் கட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான தடவை படுத்து எழுந்ததற்குச் சமானம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. நான் சும்மா இருப்பேன், வயிறு உழைக்கும்!"

"நல்ல ஏற்பாடுதான். உனக்குப் பதிலாகச் சாப்பிடுவதற்கும் ஒரு யந்திரம் வந்தால் உடனே வாங்கிவிடு. வயிறு நிச்சயமாக இளைத்துவிடும்" என்று சொல்லி வைத்தேன்.

இந்தப் பட்டை இப்போது பல வீடுகளில் புகுந்துவிட்டது. பத்திரிகையைத் திறந்தாலும் கைப்பேசியைத் திறந்தாலும் அதன் விளம்பரமே முன்னால் வந்து நிற்கிறது. இதில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்பது எனக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. இரண்டு நாளைக்கெல்லாம் கொல்லிமலையில் ஒரு குடிசைத் திண்ணையில் உட்கார்ந்து அதைத் தெரிந்துகொண்டேன்.

கொல்லிமலையில் பைல் நாடு என்னும் பகுதியில் எனக்குப் பழக்கமான மிளகு விவசாயி ஒருவர் இருக்கிறார். அவருடைய தமையனாருக்குப் பாரிசவாயு கண்டு, வலது கையும் காலும் விழுந்துவிட்டன என்று செய்தி வந்திருந்தது. பார்த்துவரப் புறப்பட்டபோது மருமகனையும் உடன் அழைத்துக்கொண்டேன். அவன் பட்டையையும் பைக்குள் வைத்துக்கொண்டான்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலைமேல் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நாற்பதாவது வளைவில் மருமகன் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மேலே போனால் கடல் மட்டத்துக்கு 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் உயரத்தில் ஒரு தனி உலகம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிப் படர்ந்திருக்கிறது. பள்ளத்தில் மரவள்ளியும், சரிவில் காப்பியும், வீட்டுக்கு வீடு பலாவும் நிற்கின்றன. ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாகப் புகழ் பெற்ற வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் வில்லை வளைத்த தோள் எப்படி உரம் பெற்றது என்பதை இன்றும் இம்மலையில் பார்க்கலாம். அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி தலையில் விறகுக் கட்டுடன் எங்களுக்கு முன்னால் மேட்டில் ஏறிப் போனார். மருமகன் வெறுங்கையுடன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். திண்ணையில் கயிற்றுக் கட்டிலின்மீது பெரியவர் சாய்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் அவர் சிரிக்க முயன்றார். இடது பக்கத்து உதடு மேலே போயிற்று. வலது பக்கம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மரம் ஏறி மிளகு பறித்த மனிதர்! எனக்கு என்ன சொல்வதென்றே தோன்றவில்லை.

மருமகன் நல்ல மனசு படைத்தவன். உடனே பையைத் திறந்து பட்டையை வெளியே எடுத்தான். "ஐயா! இதைக் காலிலே கட்டிப் பாருங்கள். வயிற்றை இழுப்பது காலை இழுக்காதா? செத்த தசைக்கு உயிர் வந்துவிடும்" என்றான். விவசாயி ஆசையோடு கையை நீட்டினார். "இந்த மாதிரி ஒன்று வாங்கத்தான் ஐயா, மிளகை முன்கூட்டியே விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்" என்றார்.

அச்சமயத்தில், "அதைக் கட்டிவிடாதீர்கள்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தோளில் ஒரு பையுடன் ஓர் இளம் பெண்மணி வந்துகொண்டிருந்தார். அவர் இயன்முறை வைத்தியர். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கப்பெற்றதல்லவா? ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதோடு, எழுந்து நடக்க இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை செய்யவும் அதில் வகை செய்யப்பட்டது. அந்த ஏற்பாட்டின்படி வந்தவர்தான் அந்த அம்மாள்.

"ஏன் அம்மா, கட்டினால் என்ன?" என்று மருமகன் சற்று மனத்தாங்கலுடன் கேட்டான்.

"தாத்தாவுக்கு அந்தக் காலில் உணர்ச்சி மிகவும் குறைவு, தம்பி. மின்சாரம் அளவு மீறித் தோலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் நமக்குத் தெரியும். அன்றியும், இது வயிற்றுக்கென்று செய்தது. நரம்பு எந்த இடத்தில் தோலுக்கு அருகே ஓடுகிறதோ, அந்த இடத்தைப் பார்த்து வைத்தாலல்லவா பயன் உண்டு?" என்றார் அந்த அம்மாள்.

பிறகு தம் பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்தார். அதுவும் மின்சார யந்திரந்தான்! மருமகனுடைய முகத்தில் வெற்றிக் களிப்புத் தோன்றியது. "அப்படியானால் மின்சாரம் வேண்டுமென்றுதானே ஆகிறது?" என்றான்.

"மின்சாரம் வேண்டாமென்று யார் சொன்னார்கள்? யாருக்கு, எதற்கு, எப்போது என்பதுதான் கேள்வி" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

இந்த இடத்தில் நேயர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரில் லூயிஜி கால்வானி என்ற பண்டிதர் இருந்தார். செத்த தவளையின் காலில் மின்சாரம் பட்டதும் அது உதைத்துக்கொண்டதை அவர் கண்டார். அந்த ஆராய்ச்சியை 1791-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய மருமகன் அல்டீனி என்பவர் 1803-ஆம் ஆண்டில் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒரு குற்றவாளியின் சடலத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். தாடை நடுங்கிற்று; ஒரு கண் திறந்தது; கை உயர்ந்தது. பார்த்தவர்களில் சிலர் பிணத்துக்கு உயிர் வந்துவிட்டதென்றே எண்ணினார்களாம். உயிர் வரவில்லை, தசைதான் சுருங்கியது. மின்சாரப் பட்டைகளின் விளம்பரங்களெல்லாம் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறைத்துத்தான் பிழைக்கின்றன.

நம் தேகத்தில் நடப்பது என்ன? காலைத் தூக்க வேண்டுமென்று மனம் நினைத்தால், மூளையிலிருந்து ஒரு மெல்லிய மின்சார அலை முதுகுத் தண்டின் வழியாக இறங்கி, நரம்பில் ஓடித் தசையை எட்டுகிறது. தசை சுருங்குகிறது. தோலின்மேல் வில்லையை ஒட்டி மின்சாரம் விடும்போது, மூளையின் கட்டளையை எதிர்பாராமல் பாதி வழியிலேயே அந்த நரம்பைத் தட்டி எழுப்புகிறோம். விடுகிற துடிப்பு ஒவ்வொன்றும் வினாடியில் பதினாயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு நேரமே நீடிக்கும். வினாடிக்கு ஐந்தாறு துடிப்பு விட்டால் தசை துள்ளும். 30 முதல் 50 துடிப்பு விட்டால் துள்ளல்கள் ஒன்றாகச் சேர்ந்து, தசை நிதானமாக இறுகி நிற்கும். நரம்பே அறுந்து போயிருந்தால் இந்தக் குறுந்துடிப்பு பலிக்காது; அதற்கு நீண்ட துடிப்புள்ள வேறு மின்னோட்டம் வேண்டும். பாரிசவாயுவில் பழுது மூளையில் நேர்கிறது. காலின் நரம்பும் தசையும் பெரும்பாலும் கெடாமலே இருக்கின்றன. ஆகையால்தான் இந்த நோயில் மின்சாரத்துக்கு வேலை இருக்கிறது.

அந்த அம்மாள் பெரியவருடைய முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், இரண்டு சிறு வில்லைகளை ஒட்டினார். நோயாளிகள் பலருக்கு நடக்கும்போது பாதம் தொங்கி விரல் தரையில் இடறுகிறது. பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அவ்விடத்தில்தான் எலும்பைச் சுற்றி வருகிறது. அமெரிக்காவில் 1961-ஆம் ஆண்டில் லிபர்ஸன் என்ற வைத்தியரும் அவருடைய துணைவர்களும் ஒரு யுக்தி செய்தார்கள். செருப்பில் ஒரு விசையை வைத்து, நோயாளி குதிகாலைத் தூக்கும்போதெல்லாம் அந்த நரம்பில் மின்சாரம் பாயும்படி செய்தார்கள். பாதம் தானாக நிமிர்ந்தது. அந்த யுக்தியின் வழி வந்த கருவிகள் இன்றும் பயன்படுகின்றன. பிரிட்டனில் நைஸ் என்னும் சுகாதார ஆலோசனை ஸ்தாபனம், இம்முறைக்குப் போதிய சான்று உண்டென்று 2009-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. முழங்கால் மூட்டை மாற்றிய பின் தொடைத் தசை சோர்ந்து போனவர்களுக்கும், படுக்கையோடு கிடந்து தசை கரைகிறவர்களுக்கும்கூட இச்சிகிச்சை உதவி செய்கிறது.

சிறு பெட்டியின் பொத்தானை அழுத்துமுன் அந்த அம்மாள் பெரியவரின் காதருகே குனிந்து சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

"தாத்தா, மின்சாரம் வரும்போது நீங்களும் பாதத்தைத் தூக்கவேண்டும். அது மட்டும் தூக்கினால் போதாது. நீங்களும் தூக்குவதாக நினைத்து முயற்சி செய்யுங்கள்."

பெரியவர் புருவத்தை நெரித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை அரும்பிற்று. பாதம் மெள்ள நிமிர்ந்தது. மின்சாரம் நின்றது, பாதம் தாழ்ந்தது. இப்படிப் பதினைந்து இருபது தடவை. கடைசித் தடவையில் மின்சாரம் நின்ற பிறகும் பெருவிரல் மட்டும் ஒரு நூலளவு அசைந்தது. அதைக் கண்ட அவருடைய மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூளையின் பழுதடைந்த பாகத்தைச் சுற்றியுள்ள பாகங்கள் பயிற்சியினால் புது வழி கற்றுக்கொள்ளக் கூடும். கட்டளையும் அசைவும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தால் அந்தப் பாடம் நன்றாகப் படிகிறது. யந்திரம் இங்கே ஊன்றுகோலேயன்றிக் கால் அல்ல. தினமும் கைகால்களை மடக்கி நீட்டுவதும், பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதும், அடி வைத்துப் பழகுவதுமே சிகிச்சையின் பெரும் பகுதி என்று அந்த அம்மாள் வீட்டாருக்கு ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

இந்தத் துறைக்கு நம் நாட்டில் ஒரு பெரிய வழிகாட்டி இருந்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டில் ஒரு மோட்டார் விபத்தில் முதுகுத் தண்டு பழுதுபட்டு இரண்டு கால்களையும் இழந்தவர்போல் ஆனார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்ட நோயாளிகளின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்தார். பிறகு அயல்நாடு சென்று மறுவாழ்வுச் சிகிச்சையைக் கற்றுத் திரும்பினார். 1966-ஆம் ஆண்டில் வேலூரில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் ஏற்பட்டது. விழுந்த தசையை எழுப்புவதற்கு முன்னால் விழுந்த மனத்தை எழுப்பவேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே போதுமான சாட்சி.

"அம்மா, என் பட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?" என்று மருமகன் தணிந்த குரலில் கேட்டான்.

அந்த அம்மாள் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். மின்சாரத்தினால் தசை ஓரளவு உறுதிப்படும் என்பது மெய். ஆனால் கொழுப்பு கரையாது. வயிறு துடிப்பதற்குச் செலவாகும் சக்தி மிக அற்பம். ஒரு வடையைக்கூட அதனால் ஈடு கட்ட முடியாது. மேலும், மனம் ஏவி வேலை செய்யும்போது சிறு நார்கள் முதலிலும் பெரிய நார்கள் பிறகும் முறைவைத்து உழைக்கின்றன. மின்சாரமோ ஒரே கூட்டத்தைத் திரும்பத் திரும்ப விரட்டுகிறது. ஆகையால் தசை சீக்கிரமே களைத்துவிடுகிறது. இருதயமும் நுரையீரலும் அதில் பங்கு கொள்வதே அரிது. ரஷ்ய விளையாட்டு வீரர்களின் தசைபலம் இம்முறையில் நூற்றுக்கு நாற்பது வரை பெருகிற்று என்று கோட்ஸ் என்ற விஞ்ஞானி 1970-களில் சொன்னார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த அளவு பலன் கிட்டவில்லை.

அமெரிக்காவில் 'ரிலாக்ஸசைஸர்' என்ற பெயருடன் இத்தகைய யந்திரம் லட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. ஆபத்து உண்டென்று கண்டு 1970-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதன் விற்பனையைத் தடுத்துவிட்டது. தசையைத் தற்காலிகமாக உறுதிப்படுத்தலாம்; எடையைக் குறைப்பதற்கோ இடையைச் சுருக்குவதற்கோ எந்த யந்திரத்துக்கும் அனுமதி அளிக்கவில்லை என்பதே அந்நாட்டு மருந்துப் பரிபாலன இலாகாவின் வாக்கு. இருதயத்தில் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள், கர்ப்பவதிகள், காக்கை வலிப்பு உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. யாராயினும் கழுத்தின் முன்புறத்திலும் மார்பின் குறுக்கேயும் வில்லையை வைக்கலாகாது. நகரங்களில் உடம்பு முழுவதும் மின்சாரச் சட்டை அணிவித்துப் பயிற்சி தருகிறார்கள். முதல் நாளே அளவு மீறினால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீர் கறுத்து, மூத்திரக் காய்களே பழுதாகிவிடுவதும் உண்டு.

விடைபெறும் சமயத்தில் பெரியவரின் பேரன் ஒரு விஷயம் சொன்னான். ஏழெட்டு வயதுப் பையன். "தாத்தா அன்றைக்குக் காலையிலேயே இப்படித்தான் கோணலாகச் சிரித்தார். எனக்கு வேடிக்கை காட்டுகிறார் என்று நானும் சிரித்தேன்" என்றான். அதைக் கேட்டதும் எல்லாரும் மௌனமானோம். காலையில் வாய் கோணிற்று. காற்றுப் பட்டிருக்கும் என்று எண்ணிப் படுக்கவைத்தார்கள். கஷாயம் கொடுத்தார்கள். கையும் காலும் வராமற் போனபின், மாலையில்தான் 70 வளைவுகளையும் கடந்து கீழே கொண்டு சென்றார்கள்.

சங்க நூல்கள் பேசும் கொல்லிப்பாவை இம்மலையில் இருந்ததென்பார்கள். தெய்வம் செய்த அப்பிரதிமை தானே அசைந்து, சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது கர்ண பரம்பரை. பிரான்ஸ் தேசத்து வைத்தியர் துஷேன் 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வேறொரு சிரிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு கிழவரின் கன்னத்தில் மின்சாரத்தைத் தொட்டு அவர் சிரிப்பதுபோலவே செய்து படம் பிடித்தார். உதடு உயர்ந்தது; கண் சிரிக்கவில்லை. உள்ளத்தில் மகிழ்ச்சி இருந்தாலன்றிக் கண்ணைச் சுற்றியுள்ள தசை அந்தச் சிரிப்பில் சேராது என்று அவர் கண்டறிந்தார். பைல் நாட்டில் நான் கண்டது மூன்றாவது சிரிப்பு. அதன் பொருள் மட்டும் அன்று காலையில் அவ்வீட்டாருக்குத் தெரிந்திருந்தால்!

நேயர்களே! உங்கள் வீட்டில் யாருக்கேனும் திடீரென்று பேச்சுக் குழறினாலோ, கை துவண்டாலோ, சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினால், அல்லது ஒரு கை தாழ்ந்தால், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். தண்ணீரோ கஷாயமோ புகட்டாதீர்கள். விழுங்கும் சக்தி குன்றியிருந்தால் அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். மூளையைப் படமெடுத்துப் பார்த்து, ரத்தக்கட்டியினால் வந்ததென்று தெரிந்தால், அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அதற்கப்பாலும் சிலருக்குக் குழாய் வழியே கட்டியை அகற்றும் சிகிச்சை உண்டாகையால், நேரம் கடந்துவிட்டதென்று நாமே தீர்மானித்து நின்றுவிடலாகாது. இந்த முதற்கடமையைத் தவறவிட்ட பிறகு எந்த மின்சாரமும் அதை முழுவதும் ஈடு செய்யாது.

திரும்பி வரும்போது மருமகன் வெகு நேரம் பேசவில்லை. கடைசி வளைவு தாண்டியதும், "மாமா! தூக்க முடியாதவர் அவ்வளவு பாடுபட்டுத் தூக்குகிறார். தூக்க முடிந்த நான் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்றான்.

சென்ற வாரம் அவனிடமிருந்து செய்தி வந்தது. பட்டை பெட்டிக்குள் போய்விட்டதாம். தினமும் விடியற்காலையில் நடக்கிறானாம். பைல் நாட்டுப் பெரியவரும் கோலை ஊன்றி வாசல்வரை நடக்கிறாராம். இருவரில் யார் அதிக தூரம் நடக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் யார் அதிகமாக முயல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.